கார்குழலி டீச்சரின் சேவல் கதை

என் மனைவி கார்குழலி உட்கார்ந்து டீ குடித்ததை நான் பார்த்ததில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டே துணி மடிப்பாள், ஜன்னலைச் சாத்துவாள், நான் கழற்றிப் போட்ட சட்டையின் பாக்கெட்டைத் துழாவுவாள், பிறகு டம்ளரை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேடுவாள். ஆறிப்போன டீ ஃபிரிட்ஜின் மேல் இருக்கும். இல்லாவிட்டால் பாத்ரூம் திட்டில். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூடப் பாதிப் படங்களில் அவள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு எங்கோ பார்க்கிறாள். பக்கத்தில் நான் மட்டும் மாப்பிள்ளையாக நிற்கிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரஸ்ஸில் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஊருக்குள் போகும். கொம்பு விட்டாலும் புள்ளி விட்டாலும் என் கண்ணுக்குத் தப்பாது. எழுத்துப்பிழை இல்லாமல் ஊரை அழவைப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதையில் தப்பு செய்தவர்களில் நானும் ஒருவன், அதனால் என் தொழிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொருத்தி கார்குழலி. அவள் அங்கன்வாடி டீச்சர். அவள் பிறந்தது கருவடிக்குப்பம். அப்பாவுக்கு மில் வேலை போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் வீட்டில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாராம். அவர் முகம் தொங்கினால் வீட்டில் ஐந்து பேருக்கும் சோறு இறங்காது. அம்மா வாய் திறக்க மாட்டார்கள். இவள்தான் முன்னால் போய்க் குரங்குச் சேட்டை செய்து காட்டுவாள். சில நாள் அவர் சிரித்தார். சில நாள் இவளுக்கு அறை விழுந்தது. அன்றைக்குப் பிடித்தது, இன்றைக்கும் விடவில்லை. எதிரில் ஒரு முகம் உம்மென்று இருந்தால் இவளுக்கு உடம்பு பதறும். என்ன ஏது என்று கேட்கப் பொறுமை கிடையாது. அந்த முகம் உடனே மாறியாக வேண்டும்.

எனக்குப் பல்வலி வந்தபோதுகூட இதே கதைதான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாத்துக்கு இப்பிடிக் குந்தியிருக்கிறீங்க? எழுந்து ஒரு நட நடந்துட்டு வாங்க, சரியாப் போயிரும்."

"பல்லு வலிக்குது குழலி. நடந்தா பல்லு சரியாயிருமா?"

"மூஞ்சியாவது சரியாவும்."

இப்படிப்பட்டவளிடம் இருபத்திரண்டு பிள்ளைகளை அரசாங்கம் ஒப்படைத்திருந்தது. குறை சொல்லக் கூடாது, பிள்ளைகளுக்கு அவள்மேல் உயிர். அவள் ஓடினால் ஓடுவார்கள், அவள் குதித்தால் குதிப்பார்கள். சத்துமாவு உருண்டையை வேண்டாம் என்று துப்புகிற பிள்ளையும் அவள் கையால் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்காரும் பிள்ளைகளிடம்தான் அவளுக்கு வித்தை பலிக்காது.

போன ஆகஸ்டில் அவளை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகளின் சிடுசிடுப்பையும் வேண்டாத நினைப்புகளையும் படக்கதைப் புத்தகங்களை வைத்து எப்படிச் சமாளிப்பது என்று பயிற்சி. பன்னிரண்டு புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு வந்தாள். வந்த அன்றே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, இப்ப உங்க மனசு எந்தக் கலர்ல இருக்குது?"

"பசி கலர்ல இருக்குது."

"வெளாடாதீங்க. மொதல்ல மனசுல இருக்கிறதுக்குப் பேரு வெக்கணும். அப்புறம் மூச்ச இழுத்து உடணும். அப்புறம் ஒரு நல்ல நெனப்பு."

"சோறுன்னு பேரு வெச்சிட்டேன். மூச்சும் உட்டுட்டேன்."

கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். ஆனால் விளையாட்டுப் பேச்சுக்கு நடுவே நான் ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் புத்தகங்கள் வேலை செய்தன. இனியவன் என்று ஒரு பையன், கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவன் தோளைக் கடித்துவிடுவான். பன்னிரண்டில் ஒன்று சேவல் கதை. ஒரு சேவலுக்குக் காலையில் எழுந்ததும் காலில் முள் குத்திவிடுகிறது. அன்று முழுக்க எதைப் பார்த்தாலும் எரிச்சல், எல்லாரோடும் சண்டை. கடைசியில் வாத்து சொல்லித் தர, நெஞ்சை உப்பி மூச்சை இழுத்து, கொக்கரக்கோ என்று வெளியே விடுகிறது. எரிச்சல் போய்விடுகிறது. இந்தக் கதையை நாலு முறை கேட்ட பிறகு இனியவன் கடிக்கப் போகிற நேரத்தில் நெஞ்சை உப்பிக்கொண்டு கொக்கரக்கோ என்று கத்த ஆரம்பித்தான். தோள்கள் தப்பின. சூப்பர்வைசர் மேடம் வந்து அதை வீடியோ எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு கார்குழலிக்கு மற்ற பதினொன்றும் கண்ணில் படவில்லை. தினமும் சேவல்தான்.

கதை சொல்வதற்கு ஒரு முறை உண்டு. புத்தகத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். படம் பிள்ளைகளுக்கு. வாசகத்தை டீச்சர் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அதற்காகக் கதை வாசகத்தைத் தனியாக ஒரு தாளில் டைப் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை வாங்கி நான் இரண்டு ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தேன். அவள் சமையல்கட்டில் நின்று மனப்பாடம் செய்தாள். ஆகமொத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கதை தலைகீழ்ப் பாடம். படத்தை ஒழுங்காகப் பார்த்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

இனி அமுதவல்லி. வயது ஐந்து. அம்மா கொளஞ்சி, கடற்கரைப் பக்கம் ஒயிட் டவுனில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. அப்பா ஓசூரில் ஏதோ கம்பெனி, மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கொளஞ்சி காலை ஏழரைக்கு வேலைக்குப் போயாக வேண்டும், அதனால் பிள்ளை அங்கன்வாடி திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பாள். நிற்கும்போதே முகம் கடுகடு என்று இருக்கும். பாட்டுக்கு வர மாட்டாள். வட்டத்தில் உட்கார மாட்டாள். எதைக் கேட்டாலும் இல்ல, வேணாம், தெரியாது. சேவல் கதை சொன்னால் மட்டும் மூலையிலிருந்து எழுந்து வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பாள்.

கதையின் கடைசி வரி, 'சேவல் சிரித்தது. எல்லாரும் சிரித்தார்கள்.' அந்த வரி வந்ததும் இருபத்தோரு பிள்ளைகளும் கெக்கெக்கே என்று சிரிக்கும். அமுதவல்லி மட்டும் சத்தமாகச் சொல்வாள்.

"எல்லாரும் சிரிக்கல."

முதல் நாள் கார்குழலி, "நீயும் சிரியேன், அப்ப எல்லாரும் ஆயிரும்" என்றாள். இரண்டாம் நாள், "சரி, சரி" என்றாள். பத்தாம் நாள் புத்தகத்தைப் படாரென்று மூடிவிட்டுச் சோறு போடப் போய்விட்டாள். ஆனால் பிள்ளை விடவில்லை. ஒன்றரை மாதம், தினமும், அதே இடத்தில், அதே இரண்டு சொல். வீட்டுக்கு வந்தால் கார்குழலியின் புலம்பல் எனக்குத் தாங்கவில்லை.

"அஞ்சு வயசுப் புள்ளங்க. எல்லாத்துலயும் குத்தம் கண்டுபுடிக்குது. நல்லதே கண்ணுல படாதா அதுக்கு? எவ்ளோ சொல்லியும் மாறலியே!"

"அதும் பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும் உடேன்."

"எப்பிடி உடறது? நாளிக்கு ஸ்கூலுக்குப் போயும் இப்பிடியே மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தா?"

அவளுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. அக்கறை அதிகமாகி வாய்க்கு வந்துவிட்டதுதான் சங்கடம். செப்டம்பர் மாதப் பெற்றோர் கூட்டத்தில், பத்துப் பதினைந்து அம்மாக்கள் நடுவில், கொளஞ்சியைப் பார்த்து, "உங்க புள்ளக்கி எல்லாமே நெகட்டிவா இருக்குதும்மா. வூட்ல கொஞ்சம் கவனிங்க" என்று சொல்லிவிட்டாள். கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டு போனாளாம். அதற்குப் பிறகு கார்குழலி இரண்டு முறை போன் போட்டும் அதையே சொன்னாள்.

அக்டோபரில் அந்தப் புத்தகம் நடு முதுகு பிய்ந்து தாள் தாளாக வந்துவிட்டது. பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குப் படமும் சரியாகத் தெரிவதில்லை. "உங்க பிரஸ்ல பெருசாப் போட்டுத் தாங்களேன், ஏ3 சைஸ்ல" என்றாள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஸ்கேன் செய்தேன். புத்தகம் சதுரம், தாள் நீளம். எங்கேயாவது வெட்டினால்தான் பொருந்தும். வலது ஓரத்தில் ஏதோ ஒரு அணில் வெட்டுக்கோட்டின் மேல் விழுந்தது. பக்கத்துக்குப் பக்கம் அதே தொல்லை. கதையில் அணில் என்று ஒரு சொல்கூடக் கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாப் பக்கத்திலும் வலது பக்கம் ஒரே அளவாக ட்ரிம் செய்தேன். சேவல் நட்டநடுவில் கம்பீரமாக வந்தது. லேமினேட் போட்டு, சுருள் கம்பி கோத்துக் கொடுத்தேன். கார்குழலிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு மேல் அவளிடமிருந்து ஐந்து மிஸ்டு கால். நான் திருப்பிக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு காதணி விழாப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரையே விட்டுவிட்டு, பிறகு சேர்த்தேன். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனால் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கு ஒரு கிலோ. பாதி வரை நறுக்கியாயிற்று, நிறுத்தத் தோன்றவில்லை போல.

"கிழிச்சிட்டாங்க. புதுப் புக்கு. கடைசிப் பக்கத்தப் புடிச்சி இழுத்துக் கம்பியிலேர்ந்து கிழிச்சிட்டா."

"யாரு?"

"வேற யாரு? அமுதவல்லிதான். கதை ஆரம்பிச்சதுலேர்ந்து நைநைன்னு. பக்கத்துக்குப் பக்கம் முன்னால வந்து வந்து பாக்குறா. கடைசிப் பக்கம் வந்ததும் ஒரே கத்தல். அணில் எங்க, அணில் எங்கன்னு. கதையில ஏதுங்க அணிலு? அப்பிடி ஒண்ணு இல்லவே இல்லடி, இல்லாததெல்லாம் சொல்லாதன்னேன். பாஞ்சி வந்து கிழிச்சிட்டா. கிழிச்ச தாளக் கையில வெச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் அழுவுறா. ஹெல்பர் செல்வாம்பா தூக்குனாலும் கடிக்கிறா."

"அப்புறம்?"

"கொளஞ்சிக்குப் போன் போட்டேன். டூட்டிய உட்டுட்டு ஓடியாந்தா. வந்ததும் புள்ள முதுகுல ரெண்டு வெச்சா. நான்தான் புடிச்சி இழுத்தேன். நாளிக்கிக் காலையில மொதப் பஸ்ஸுல விருத்தாசலம் அக்கா வூட்ல கொண்டுபோய் உட்டுடறேன் டீச்சர், என்னால முடியல, அங்கியே இருக்கட்டும்னு சொல்லிட்டா. ஒரு வருஷமாம்."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அஞ்சு வயசுப் புள்ள. அம்மாவ உட்டுட்டு எப்பிடி இருக்கும்?"

 அணில் எனக்குத் தெரியும். எல்லாப் பக்கத்திலிருந்தும் அதை எடுத்து எறிந்தவனே நான்தான். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்வானேன். சொன்னால் இவள் ஆடுவாள். ஆனால் அந்தப் பிள்ளையின் முதுகில் விழுந்த இரண்டு அடி என் கணக்கில்தான் சேரும் என்று தோன்றியது.

"குழலி, அணில் இருந்திச்சி."

"இன்னா?"

"படத்துல. ஓரத்துல ஒரு அணில் இருந்திச்சி. சைஸுக்குப் பத்தலன்னு நான்தான் வெட்டிட்டேன்."

அவள் ஆடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பையிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்து வந்தாள். பிய்ந்த தாள்களை வரிசையாக அடுக்கினாள். பிறகு உட்கார்ந்தாள். உண்மையாகவே நாற்காலியில் உட்கார்ந்து, படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாள். நானும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

மூன்றாவது பக்கம். வாசகம், 'சேவலுக்கு எல்லாரோடும் சண்டை.' படத்தில் சேவல், வலது பக்கம் நிற்கிற ஒரு சின்ன அணிலின் வாலைக் கொத்துகிறது. அணில் கையில் எதையோ வைத்துக்கொண்டு நீட்டுகிறது, ஒரு கொய்யாப்பழம் மாதிரி. சேவலுக்குக் காட்டக் கொண்டுவந்தது போலிருக்கிறது. சுற்றிலும் வாத்தும் கோழிகளும் ஆட்டுக்குட்டியும் அணிலைப் பார்த்துச் சிரிக்கின்றன. நாலாவது பக்கத்தில் அணில் தனியாக ஓரத்துக்கே போய்விட்டது, வாலில் ஒரு கட்டு. அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் அது ஓரத்திலேயே இருக்கிறது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. கடைசிப் பக்கத்தில் சேவலும் மற்ற எல்லாரும் வாயைப் பிளந்து சிரிக்கிறார்கள். அணில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது.

படம் போட்டவர் வேண்டுமென்றே போட்டாரா, பிள்ளைகளைப் பேசவைக்கத்தான் போட்டாரா, எனக்குத் தெரியாது. ஒன்று தெரிந்தது. ஒன்றரை மாதமாக அந்தப் பிள்ளை எதிர்மறையாக எதையும் பேசவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னாள். எங்களுக்குத்தான் கண் இல்லை.

கார்குழலி மூன்றாவது பக்கத்துக்கே திரும்பி வந்தாள். வெகுநேரம் அதிலேயே விரலை வைத்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"ஜூன் மாசம்" என்றாள்.

"ஜூன்ல இன்னா?"

"சென்டர் தொறந்த மொத வாரம். நெட் வரல, புள்ளைங்க அட்டெண்டன்ஸ் போட்டோ மேல போவல, மேடம் போன்ல கத்திக்கிட்டே இருக்குது. இவ சேர்ந்து மூணு நாளுதான் ஆவுது. சிலேட்ட எடுத்துக்கிட்டு வந்து என் பொடவையப் புடிச்சி இழுத்துக்கிட்டே இருக்கிறா. இன்னாவோ வரைஞ்சி எடுத்தாந்திருக்கிறா, நான் பாக்கல. சிலேட்டப் புடுங்கி வீசிட்டு..." நிறுத்தினாள். "எழவு வூட்டு மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் காலங்காத்தால எதுக்க வந்து நிக்காதடின்னு சொன்னேன்."

"குழலி..."

"எல்லாரும் சிரிச்சாங்க. புள்ளைங்க எல்லாரும். நானும் சிரிச்சேன். அப்புறம் போட்டோ போயிருச்சி, நான் மறந்துட்டேன். இன்னிக்கி வரைக்கும் நெனப்பே இல்ல எனக்கு."

அப்பாவிடம் வாங்கிய அறைகளை வருஷக் கணக்காக எனக்குச் சொல்லியிருக்கிறாள். தான் கொடுத்தது மறந்துபோயிருந்தது. அவளை நான் குறை சொல்லவில்லை. கொடுப்பவருக்கு அது அரை நிமிஷ வேலை, அவ்வளவுதான். நானும் ஒரு க்ளிக்கில்தானே வெட்டினேன்.

"வாங்க, போலாம்" என்று எழுந்தாள்.

"இப்பியா? மழ வர மாதிரி இருக்குது. காலையில போன் போட்டு..."

"காலையில மொதப் பஸ்ஸுங்க!"

அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் உட்கார்ந்தபடியே காலால் தரையை உதைக்கிறாள், அதனால் வண்டி கிளம்பிவிடும் போல. மார்க்கெட் முனையில் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அவள் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போக ஆரம்பித்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். தூறல் பிடித்துவிட்டது. இரண்டு சந்து தவறி மூன்றாவது சந்தில் வீட்டைக் கண்டுபிடித்தோம்.

கதவு திறந்திருந்தது. நடு வீட்டில் ஒரு டிராவல் பேக், ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. பக்கத்தில் பிள்ளையின் தண்ணீர் பாட்டில். கொளஞ்சி இன்னும் ஓட்டல் யூனிஃபார்மில்தான் இருந்தாள், அடுப்பில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். அமுதவல்லி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை, கால்விரல் ஆடிக்கொண்டிருந்தது.

கொளஞ்சி எங்களைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தாள். "இன்னா டீச்சர், இன்னும் சொல்றதுக்கு மிச்சம் இருக்குதா? அதான் கொண்டுபோய் உட்டுடறேன்னு சொல்லிட்டேனே."

"உங்கிட்ட இல்லம்மா. புள்ளகிட்ட ஒண்ணு சொல்லணும்."

கார்குழலி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அமுது, டீச்சர் மேல கோவமா?"

"இல்ல."

"டீச்சரப் பாரேன்."

"வேணாம்."

"அணில் இருந்திச்சி அமுது. நீ சொன்னதுதான் நெசம். டீச்சர்தான் பாக்கல."

கால்விரல் நின்றது. ஆனால் பிள்ளை திரும்பவில்லை. கார்குழலி என்னை ஒரு தரம் பார்த்தாள். அடுத்ததைச் சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கொளஞ்சி ஒரு புகார் எழுதிப் போட்டால் போதும், பத்தொன்பது வருஷ வேலை. எனக்கு, வேண்டாம், இவ்வளவு போதும், வா போகலாம் என்று இழுத்துக்கொண்டு ஓடிவிடத் தோன்றியது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"ஜூன் மாசம் நீ எனக்குக் காட்ட சிலேட்டு எடுத்தாந்த இல்ல? நான் அதப் புடுங்கி வீசிட்டேன். ஒன்ன எழவு வூட்டு மூஞ்சின்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அது தப்பு அமுது. நான் பண்ணது தப்பு. என்ன மன்னிச்சிரு."

பிள்ளைக்கு முன்னால் கொளஞ்சிதான் திரும்பினாள். "இன்னான்னு சொன்னீங்க?"

கொளஞ்சி கரண்டியை அடுப்புத் திட்டில் வைத்தாள்.

"எம்புள்ளைய இன்னான்னு சொன்னீங்க டீச்சர்? எழவு வூட்டு மூஞ்சின்னா?" குரல் மேலே போயிற்று. "சொல்லிட்டு, எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சி, எம்புள்ளக்கி நெகட்டிவ்னு சொன்னீங்களே! அத நம்பி நான் இத எத்தினி அடி அடிச்சிருப்பேன் தெரியுமா? சிரிடி, சிரிச்சாத்தான் சோறுன்னு... பட்டினி போட்டிருக்கிறேன் டீச்சர்! ரெண்டு நாளு!" வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே அடுப்பங்கரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்போது அமுதவல்லி எழுந்து உட்கார்ந்தாள். அழுத முகம் வீங்கியிருந்தது. டீச்சரைப் பார்த்தாள், கதவோரம் நனைந்துபோய் நின்ற என்னைப் பார்த்தாள், கடைசியில் அம்மாவைப் பார்த்தாள்.

"நீயும் சொல்லு" என்றாள் அம்மாவிடம்.

கொளஞ்சிக்கு முதலில் புரியவில்லை.

"டீச்சர் சொன்னாங்க இல்ல? நீயும் அடிச்ச. நீயும் சொல்லு."

  கொளஞ்சி இருந்த இடத்திலிருந்து தவழ்ந்த மாதிரி வந்து, பிள்ளையின் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு, "தப்புடி கண்ணு, அம்மா பண்ணதும் தப்புடி" என்று அழுதாள். பிள்ளை காலை இழுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் தலையைத் தடவிக் கொடுக்கவும் இல்லை. கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

என் முறை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "பாப்பா, அணில வெட்டுனது நான்தான். பிரஸ்ல."

"ஏன்?"

இருபத்து நாலு வருஷமாக எழுத்தோடு பிழைக்கிறேன்.  சைஸ் பத்தவில்லை, தாள் நீளம், கதையில் அதன் பெயர் இல்லை, என்னென்னவோ வாய்வரை வந்தது.

"ஓரத்துல இருந்திச்சி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கொளஞ்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனை எடுத்தாள். "அக்கா, நாளிக்கி வரல" என்றாள். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது. "இல்லக்கா. எம்புள்ள எங்கூடவே இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பையின் ஜிப்பைத் திறந்து, மடித்து வைத்திருந்த பாவாடைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். ஈரத் துணி மாதிரி உதறி உதறிப் போட்டாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

நாங்களே கிளம்பினோம். வாசல் வரை வந்தவள், கார்குழலியை நேருக்கு நேர் பார்த்தாள்.

"திங்கக்கிழம கூட்டியாறேன் டீச்சர். ஒங்க மேல எழுதிப் போடணும்னுதான் மனசு சொல்லுது. போட மாட்டேன். நானும் யோக்கியம் இல்ல. ஆனா ஒண்ணு. இனிமே எம்புள்ளையப் பத்தி எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா, மொதல்ல அதக் கேளுங்க. அதக் கேட்டுட்டு அப்புறம் எங்கிட்ட வாங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கிற என் மனைவி, "சரிங்க" என்றாள்.